முகவரிப் பிசகு

கடைசித் திருகாணி மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டிலோரமாகத் தரையில் சாய்த்துப் போட்டு, முழங்காலால் அழுத்திக்கொண்டு, அக்கா அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே, கட்டிலில், தம்பிக்கு மாட்டியிருந்த முகமூடியும் அதோடு சேர்ந்த சின்ன இயந்திரமும் காற்றை உள்ளே தள்ளின, விட்டன, மறுபடி தள்ளின.

"போதும் விடுங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி. மடித்த துணிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்துடும். இப்பப் போய் இதைக் கழட்டி என்ன ஆகப் போகுது?"

"கொஞ்சம் பொறும்மா."

"அவருக்குப் புரியல அண்ணி. நர்ஸே சொல்லிட்டாங்க. எழுதினா எழுத்து எழுத்தாக் கொட்டுது, அர்த்தமே இல்ல. நேத்து முழுக்க 'ழ' மட்டும் வந்துச்சு. திரை முழுக்க 'ழ'. நான் இவர் பக்கத்துல உக்காந்து எவ்வளவு நேரம் அதையே பாத்துக்கிட்டு இருக்கறது?"

அக்கா திருப்புளியை மறுபடி அழுத்தித் திருகினாள். பேச்சு அவளுக்கு எப்போதுமே வராது. சின்ன வயதிலிருந்து அவளுக்கும் சேர்த்துத் தம்பிதான் பேசினான். பள்ளிக்கூடத்தில் அவள் பேர் சொல்லி ஆஜர் கொடுத்ததுகூட ஒருமுறை நடந்திருக்கிறது. தெருவில் அவனுக்கு 'ரேடியோ' என்று பேர். அவளுக்கு அவன் வைத்த பேர் 'ஊமைக்கோட்டான்'.

ரேடியோ செருப்புக் கடையில் வேலை பார்த்தான். ஒரு ஜோடி வாங்க வந்தவரை இரண்டு ஜோடியோடு அனுப்புவான். வாங்காமல் போகிறவரையும் சிரிக்க வைத்து அனுப்புவான். மனைவியைப் பார்த்ததும் அந்தக் கடையில்தான். "மேடம், உங்க கால் அளவுக்கு எங்க கடையிலயே ஒரே ஒரு ஆள்தான் இருக்கேன்" என்றானாம். கல்யாணமான பிறகும் அவளைக் கூப்பிட்டது 'மேடம்' என்றுதான். முதலில் மேல் அடுக்கிலிருந்து எடுத்த பெட்டி அவன் கையிலிருந்து நழுவியது. சில மாதம் கழித்து நாக்கிலிருந்து 'ழ' நழுவியது. பிறகு எல்லா எழுத்தும் நழுவின. நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோய். கை, கால், நாக்கு, தொண்டை எல்லாம் போய்க் கடைசியில் கண்கள் மிஞ்சின. அவையும் இடம் வலமாகத்தான் அசையும். இமைகூட அவன் சொல்பேச்சுக் கேட்பதில்லை.

அக்கா ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கண்ணாடிப் புட்டிகளில் கீறல் இருக்கிறதா என்று கேமரா வைத்துப் பார்க்கிற இயந்திரங்கள் செய்யும் இடம். கேமராப் படத்தை வாங்கித் தருகிற கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நின்று பேசுகிற சிறு நிரல்தான் டிரைவர். அதை எழுதுவது அவள் வேலை. "எங்க அக்கா டிரைவர்," என்று ரேடியோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். "ஆனா சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது." தம்பியின் குரல் போனதும், தொழிற்சாலையில் ஒதுக்கிப் போட்ட பழைய கேமராவையும் கார்டையும் கேட்டு வாங்கி வந்தாள். விடுமுறை எடுத்து உட்கார்ந்து, அதற்கென்று ஒரு டிரைவரைப் புதிதாக எழுதினாள். புட்டியில் கீறல் தேடிய கேமரா அன்றிலிருந்து தம்பியின் கண்மணியைப் பார்த்தது. திரையில் எழுத்துகள் ஒரே வரிசையாக ஓடும். வேண்டிய எழுத்தின் மேல் அவன் பார்வை நின்றால் அது கீழே வந்து விழும். மெதுவாகத்தான் எழுதினான். ஆனாலும் நிறுத்தவில்லை. ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்துவிட்டது என்று கடையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

போன வாரம் எழுத்துகள் குழம்பின. கொஞ்ச நேரம் ஒழுங்காக வரும், திடீரென்று தாவும், படத்தில் கோடு கோடாக விழும், திரை அப்படியே உறைந்துபோகும். அக்கா வேறு ஊரில் இருந்தாள். தொலைபேசியில் தம்பி மனைவி, "அவருக்குத்தான் குழம்புது போல அண்ணி," என்று அழுதாள். நர்ஸ் வந்து பார்த்து, சில பேருக்கு இந்த நோய் கடைசியில் மூளையையும் தொடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதே வாரத்தில் சளி கட்டிக்கொண்டது. முகமூடி இனித் தாங்காது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் இருப்பார், இல்லாவிட்டால் இன்றைக்கோ நாளைக்கோ என்றார் டாக்டர். அதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டும். தெரிவிக்க முடியாத நிலை என்றால் மனைவி முடிவு செய்யலாம். குழாய் வைப்பதென்று மனைவி முடிவு செய்துவிட்டாள்.

காலையில் ரயிலிலிருந்து இறங்கி நேரே வந்த அக்கா, தம்பியின் முகத்தருகே குனிந்து, "ஆஸ்பத்திரிக்குப் போலாமாடா? போலாம்னா இந்தப் பக்கம் பாரு, வேணாம்னா அந்தப் பக்கம்," என்றாள்.

அவன் வலதுபுறம் பார்த்தான். பக்கத்தை மாற்றிக் கேட்டாள். அப்போதும் வலதுபுறமே பார்த்தான்.

"பாத்தீங்களா?" என்றாள் தம்பி மனைவி. "நானும் இப்படித்தான் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். எதைக் கேட்டாலும் அங்கயேதான் பாக்கறாரு."

அக்காவும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உறைந்துபோன திரை நின்றிருந்தது. அவன் பதில் சொல்லவில்லை, அதைச் சரி பண்ணு என்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதுதான், நிச்சயமாகத் தெரியாது. திருப்புளியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திருகாணி ஒருவழியாக இளகி வந்தது. மூடியைத் தூக்கியதும் கண்ணில் பட்டது: மெமரி இருக்க வேண்டிய இடத்தில் அவள் வைத்த பழைய பச்சைத் தகடு இல்லை. பளபளவென்று கறுப்பாக இரண்டு புதுத் தகடுகள் நின்றன.

"இது யாரு போட்டது?"

தம்பி மனைவி பையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "நான்தான் கடைக்காரரை வரச் சொன்னேன் அண்ணி. ஒரு எழுத்து விழறதுக்கு அவ்வளவு நேரம் ஆகுது, அவரு களைச்சுப் போயிடறாரு. மெமரி நிறையப் போட்டா வேகமா ஓடும்னு கடைக்காரர் சொன்னாரு. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு சொல்லல." கொஞ்சம் நிறுத்தினாள். "அதனாலயா?"

"இரு. பாத்துட்டுச் சொல்றேன்."

மூடியைப் போடாமலே மின்சாரத்தைக் கொடுத்தாள். கேமராக் கார்டுக்குக் கம்ப்யூட்டர் எந்த முகவரியைக் கொடுக்கிறது, கார்டு எதைப் பிடித்துக்கொள்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டும்படி டிரைவரில் ஒரு வரி சேர்த்தாள். படம் எடுத்ததும் கார்டு அதை மெமரியில் எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதற்கான முகவரி அது. திரையில் எண்கள் இரண்டு பத்தியாக ஓடின. கம்ப்யூட்டர் கொடுத்தது நீளமாக இருந்தது. கார்டு பிடித்துக்கொண்டது குட்டையாக இருந்தது. வால் இரண்டிலும் ஒன்றுதான், தலையைத்தான் காணோம்.

மடியில் இருந்த விசைப்பலகையின் மேல் அவள் கை அப்படியே நின்றது.

வீட்டு எண்ணில் கடைசி இலக்கங்கள் மட்டுமே படிக்கத் தெரிந்த தபால்காரர் மாதிரி. ஊர் சின்னதாக இருந்தவரை ஒரு குறையும் இல்லை. ஊர் பெருகிய பிறகும் அதே நம்பிக்கையோடு, யாரோ ஒருவர் வீட்டுக்குள் கடிதத்தை வீசிவிட்டுப் போகிறார். பழைய கார்டு. அதற்கு எண்ணத் தெரிந்த தூரம் கொஞ்சம்தான். புது மெமரி அந்தத் தூரத்தைத் தாண்டி விரிந்து கிடந்தது. தம்பியின் கண்ணைப் படம் பிடித்துக் கார்டு எங்கோ கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. அங்கே இருந்தவை அழிந்திருக்கின்றன. கண்ணைத் தேடிப் போன நிரலுக்கு முந்தாநாள் குப்பைதான் கிடைத்திருக்கிறது. சில நேரம் மட்டும், கொடுத்த முகவரி தற்செயலாகக் கார்டுக்கு எட்டுகிற தூரத்துக்குள் அமைந்து, எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது.

ஆக, அவன் தெளிவாகத்தான் இருந்திருக்கிறான். இத்தனை நாளும் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.

"அண்ணி, நான் அதைப் போட்டதாலயா?" தம்பி மனைவி மறுபடி கேட்டாள். குரல் ஒடுங்கியிருந்தது.

"இல்லம்மா. நீ போட்டதுல ஒண்ணும் தப்பில்ல. நான் எழுதினதுல ஒரு வரி விட்டுப்போச்சு."

அது உண்மைதான். இந்தக் கார்டுக்கு இவ்வளவு தூரம்தான் எட்டும், அதற்குள் இடம் கொடு என்று இயங்குதளத்திடம் முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். எந்தக் கற்றுக்குட்டியும் எழுதுகிற வரி. சின்ன மெமரியில் அது தேவைப்படவில்லை, எழுதாமலே ஓடியது. இப்போது எழுதினாள். எழுத ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. டிரைவரை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். எண்கள் ஓடின. இரண்டு பத்தியும் தலையிலிருந்து வால்வரை ஒன்றாக இருந்தன.

திரையைத் தம்பிக்கு நேராகத் திருப்பி வைத்தாள். ஒரு மூலையில் அவன் கண்ணின் படம் துல்லியமாக வந்தது, கோடில்லாமல், ஈரத்தோடு. எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

'அ' விழுந்தது. வெகுநேரம் கழித்து 'ப்'. தம்பி மனைவி கையில் மடித்த துண்டோடு அப்படியே நின்றாள். கடைசியாக ஒரு எழுத்து விழுந்தபோது இருவரும் ஒன்றாகப் படித்தார்கள்.

'அப்பாடா.'

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "ஏங்க, உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னே நெனச்சேங்க," என்றாள். "நான் உங்க முன்னாடியே என்னென்னமோ பேசிட்டேன்."

'கேட்டேன்' என்று விழுந்தது. பிறகு, 'மேடம் குழாய் வேண்டாம்.'

துண்டு தம்பி மனைவியின் மடியில் விழுந்தது.

"அப்படிச் சொல்லக்கூடாது," என்றாள் தம்பி மனைவி. "குழாய் வச்சா இருப்பீங்க. எனக்கு நீங்க இப்படியே இருந்தாப் போதும். நான் பாத்துக்கறேன். இத்தனை நாள் பாத்துக்கலையா?" அக்காவிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க அண்ணி. நீங்க சொன்னா கேப்பாரு."

அக்கா வாயைத் திறந்தாள். அவளுக்கும் அவன் போகக்கூடாது. ரயிலில் வழி நெடுக அவள் நினைத்துக்கொண்டு வந்ததெல்லாம், அவன் பேசினால் சரி என்றுதான் சொல்வான் என்பதுதான். பேச்சை விட மாட்டாத ஆள் உயிரை விடுவானா? குனிந்து விசைப்பலகையை எடுத்தாள். பதிவுக் கோப்பைத் திறந்தாள். இயந்திரம் தனக்கு நேர்ந்ததையெல்லாம் தானே குறித்து வைக்கிற இடம். 'வேண்டாம்' என்பது விழுந்த நேரத்துக்குப் போய் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். ஒவ்வொரு முகவரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை. படம் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருந்தது. மேலே போய் முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தாள்.

"என்ன அண்ணி பாக்கறீங்க? மறுபடி தப்பா வருதா?" தம்பி மனைவியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

அக்கா ஒரு கணம் அந்த முகத்தைப் பார்த்தாள். "இல்லம்மா," என்றாள். "சரியாத்தான் வருது."

விசைப்பலகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அங்கே கழுவாத பாத்திரங்கள் கிடந்தன. கழுவினாள். உள்ளே தம்பி மனைவியின் குரல் உயர்ந்தது, கெஞ்சியது, திட்டியது. இடையிடையே நீண்ட மௌனம் வந்தது. அந்த மௌனங்களில் அவன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று அக்காவுக்குத் தெரிந்தது. என்ன எழுதினான் என்று அப்போதும் தெரியாது, பிறகும் கேட்கவில்லை. ஒரு தடவை உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம்கூட வந்தது. கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது வாசலுக்குப் போனது தம்பி மனைவிதான். முகத்தைக் கழுவியிருந்தாள்.

"பேஷன்ட் ரெடிங்களா?" என்றான் வண்டி ஓட்டி வந்தவன்.

"அவர் வரலைங்க."

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரும்மா."

"அவரே சொல்லிட்டாரு, வரலைன்னு." வெயிலில் நின்றிருந்த அந்த ஆளைப் பார்த்து, "தண்ணி குடிச்சிட்டுப் போறீங்களா?" என்றாள். அவன் வாங்கிக் குடித்தான். வண்டி சத்தமில்லாமல் திரும்பிப் போயிற்று.

நர்ஸ் வந்து, மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க ஊசி போட்டாள். திரையை ஒருமுறை பார்த்தாள். "நான் சொன்னது தப்புதாம்மா," என்றாள் தம்பி மனைவியிடம். பையை எடுத்துக்கொண்டு கிளம்பாமல், கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மருந்து ஏற ஏற எழுத்துகள் மெதுவாக விழுந்தன. அக்கா பக்கத்தில் வந்து நின்றபோது அவன் கண் அவளைத் தேடிவிட்டுத் திரைக்குப் போயிற்று. 'டிரைவர்' என்று எழுதினான். பிறகு அவள் எவ்வளவோ நேரம் காத்திருந்த மாதிரி இருந்தது. 'சைக்கிளாவது கத்துக்கோ.'

"சரிடா," என்றாள் அக்கா.

சாயங்கால வெயில் சுவரில் ஏறியிருந்தது. தம்பி மனைவி ஒரு கையால் அவன் தலையைத் தாங்கிக்கொண்டு தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தாள். மாற்றி முடித்து, தலையை மெல்ல இறக்கி, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டு, வழக்கம்போலத் திரையைப் பார்த்தாள். எழுத்துகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. எதுவும் கீழே விழவில்லை. சுற்றி வந்து மறுபடி ஓடின. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். அக்காதான் போய் நர்ஸைக் கூப்பிட்டாள். முகமூடி இயந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது. நர்ஸ் வந்து அதை நிறுத்திய பிறகுதான் வீட்டில் அத்தனை நாளாக எவ்வளவு சத்தம் இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். செருப்புக் கடையைச் சாத்திவிட்டு எல்லோரும் வந்திருந்தார்கள். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். "அவன் நின்னதுலேர்ந்து கடையில ஒரே அமைதியா இருக்குன்னு நிஜ ரேடியோ ஒண்ணு வாங்கி வச்சோம்மா," என்றார். "ஒரு பிரயோஜனமும் இல்ல. யாரு கேக்கறா அதை?" சிரிக்கப் போனவர் சிரிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா தலையை ஆட்டினாள். வந்தவர்களிடமெல்லாம் அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி இடத்தில் அவளுக்காகப் பேசுகிறவன் இல்லை.

தம்பி மனைவி அன்று காலை முழுக்க அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் வந்தால் நகர்ந்து போனாள், அவ்வளவுதான்.

எல்லோரும் போன பிறகு, பிற்பகலில், காலிக் கட்டிலுக்கு எதிரே தரையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மெத்தையைச் சுருட்டி வெயிலில் போட்டிருந்தது. கட்டிலின் பலகைகள் தெரிந்தன.

"நீங்க அதைச் சரி பண்ணாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள் தம்பி மனைவி.

அக்கா காத்திருந்தாள்.

"இன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்திருப்பாரு. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"ஆமா."

"குழாயோட."

"ஆமாம்மா."

வாசலில் யாரோ அடுக்கி வைத்த நாற்காலிகளை வண்டியில் ஏற்றுகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது. தம்பி மனைவி பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயே இல்லாம உள்ளுக்குள்ளயே என்னைத் திட்டிக்கிட்டு கெடந்திருப்பாரு," என்றாள் கடைசியில். "எனக்குத் தெரிஞ்சே இருக்காது. புத்தி போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு நான்பாட்டுக்கு எதையாவது பேசிக்கிட்டு இருந்திருப்பேன்."

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். பக்கத்தில் இருந்தவளின் கூந்தல் பின்னிப் பிணைந்து ஒரு கயிறு மாதிரி தோளில் கிடந்தது. அதில் சீப்பு பட்டு எத்தனை நாள் ஆயிற்றோ. அக்கா எழுந்து போய் அலமாரியிலிருந்து சீப்பை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தம்பி மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. நகரவும் இல்லை.

மேலிருந்து இழுத்தால் வலிக்கும். அக்கா நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, கீழிருந்து ஒவ்வொரு சிக்காக விரலால் பிரித்துவிட்டு, பிரிந்த இடம்வரை மட்டும் சீவினாள். ஒரு பிடி சரியானதும் அதைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த பிடியைப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி குனிம்மா," என்றாள்.

அவள் குனிந்தாள்.